ஐ ஆம் வாக்கிங் டு தி போர்டு

எங்க ஊர் சங்கரன்கோவில். 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி மாவட்டம். எண்பதுகள்ல நான் அங்க ஆறாம் வகுப்பு படிச்சப்ப, இங்கிலீஷ் எடுத்த சார் தினமும் ஒரு காரியம் செய்வார். மேஜையிலிருந்து கிளம்பி, கையை வீசிக்கிட்டு கரும்பலகையைப் பார்த்து நடப்பார். நடந்துகிட்டே "ஐ ஆம் வாக்கிங் டு தி போர்டு" என்பார். உடனே நாங்க அறுபது பேரும் கோரஸாக "யூ ஆர் வாக்கிங் டு தி போர்டு, சார்!" என்போம். நாங்க கத்தி முடிக்கிறதுக்குள்ள மனுஷன் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அதனால திரும்ப மேஜைக்கு வந்து மறுபடியும் நடப்பார்.

அப்புறம் ஜன்னலைத் திறப்பார், கதவைச் சாத்துவார், சாக்பீஸை ஒடிப்பார். எல்லாத்துக்கும் ஒரு 'இங்' உண்டு. ஆடித்தபசு நெருங்கிட்டா உதாரணம் மாறும். "கோமதி அம்மன் இஸ் ஸ்டாண்டிங் ஆன் ஒன் லெக்." அரியும் அரனும் ஒண்ணாகக் காட்சி தரணும்னு அம்பாள் ஒத்தைக்கால்ல தவம் நின்ற ஊர் இது, அதனால எங்க யாருக்கும் சந்தேகமே வரலை.

பிரசன்ட் கன்டினியுவஸ் எனக்கு அப்படித்தான் மண்டையில ஏறுச்சு. ஏறினது இறங்கவே இல்லை. அங்கதான் வினை.

1995-ல சென்னையில ஒரு கம்பெனி இன்டர்வியூ. "டூ யூ நோ டைப்பிங்?" என்று கேட்டார்கள். "யெஸ் சார், ஐ ஆம் நோயிங்." குடும்பத்தைப் பத்திக் கேட்டார்கள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்." எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னமும் ஞாபகம் இருக்கு. அந்த வேலை கிடைக்காததுக்கு 'இங்'தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா ரூமுக்குத் திரும்பி, நண்பர்கள்கிட்ட சார் மாதிரியே நடந்து காட்டி, "இந்த ஆளாலதான்டா" என்று சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரொம்ப வருஷம் அதையே ஒரு காமெடி ஐட்டமாக ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

சார் ஏன் நடந்தார்னு அப்போ நான் யோசிக்கவே இல்லை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். முதல்ல ஒரு விஷயம். இந்த 'இங்' இங்கிலீஷ்காரனுக்கே கொஞ்சம் லேட்டாக வந்த சரக்கு. பழைய ஆங்கிலத்திலேயே 'இரு' என்ற வினையோட இன்னொரு வினையைச் சேர்த்துச் சொல்ற வழக்கம் இருந்தது. பிறகு 'ஆன் ஹன்டிங்' என்பது மாதிரி, 'வேட்டையில் இருக்கிறான்' என்ற பொருள்ல ஒரு வழக்கு வந்தது. ரெண்டுல எது எதுக்கு அப்பன் என்பதில் அறிஞர்களுக்குள்ள இன்னும் சண்டை. ஆனா அதைக் கட்டாயமாகப் போடணும்னு விதி ஆனது ரொம்பப் பின்னாடி. 1600 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதின ஹாம்லெட்ல, புத்தகமும் கையுமாக வர்ற இளவரசனைப் பார்த்து பொலோனியஸ் என்ன படிக்கிறீங்கன்னு கேட்பார். கேள்வியில 'இங்' கிடையாது, சிம்பிள் பிரசன்ட்தான். எங்க சார் வகுப்புல அப்படிக் கேட்டிருந்தா பொலோனியஸுக்கு அடி விழுந்திருக்கும்.

'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' மாதிரியான வடிவம் இன்னும் இளசு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியிலதான் தலைகாட்டுது. 1870-ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கிரான்ட் வைட் என்பவர் தன் புத்தகத்துல இதுக்குன்னே தனி அத்தியாயம் ஒதுக்கித் திட்டியிருக்கார். அவங்க ஊர்லயே அந்தக் கதின்னா நாம எந்த மூலைக்கு?

நம்ம தமிழ்லயும் கதை அப்படித்தான். தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. ஆனா சங்கப் பாட்டுகள்ல 'கிறு, கின்று' போட்ட வினைமுற்று அபூர்வம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலுக்கு வரும்போது கிறு, கின்று, ஆநின்று மூணும் நிகழ்கால இடைநிலைகளாக வரிசையில உட்கார்ந்துடுது. 'உண்ணாநின்றான்' என்பதுல அந்த 'நின்று'வைப் பாருங்க. நடந்துக்கிட்டிருக்கிற காரியத்தைச் சொல்ல 'நில்'லைக் கூப்பிட்டிருக்காங்க. இப்போ நாம 'இரு'வைக் கூப்பிடுறோம். வந்துகொண்டிருக்கிறான், பேச்சுல வந்துக்கிட்டு இருக்கான். ஆக 'இஸ் கமிங்'ல இருக்கிற 'இஸ்' நமக்குப் புதுசு இல்லை.

அப்புறம் ஏன் உதைக்குது? அதுக்கு நம்ம வகுப்பறையோட கதையையும் பார்க்கணும்.

வெள்ளைக்காரன் காலத்துல இலக்கணத்தை மனப்பாடம் பண்ணி, மொழிபெயர்த்துத்தான் இங்கிலீஷ் படிச்சாங்க. முதல்ல நெஸ்ஃபீல்டு, 1930களுக்கு அப்புறம் ரென் அண்ட் மார்ட்டின். (அந்த ரென், 'போ ஜெஸ்ட்' நாவல் எழுதின அதே பி.சி. ரென்தான். பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில இருந்தவர்.) சுதந்திரத்துக்குப் பிறகு, இது சரிப்படாது, பையன் விதியைச் சொல்றான், வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச மாட்டேங்கிறான் என்று முடிவு பண்ணினாங்க. ஐம்பதுகளோட தொடக்கத்துல மதராஸ் மாநிலத்துக்கு 'ஸ்ட்ரக்சுரல்' பாடத்திட்டம் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிசுலேர்ந்து கஷ்டத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொண்ணாகச் செய்து காட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற முறை. தமிழ் கூடுமானவரை கூடாது.

பாடத்திட்டம் ரெடி, நடத்த ஆள்? 1959-ல ஒரு பெரிய ஆசிரியர் பயிற்சி இயக்கம் ஆரம்பிச்சாங்க, பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோட. சிலருக்குப் பயிற்சி, அவங்க போய் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் ஊர் ஊராக. உருட்டிவிட்ட பனிக்கட்டி பெருசாகிற மாதிரி பெருகணும்னு இதுக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பேர். (மெட்ராஸ் வெயிலுக்கு ஸ்னோபால். பேர் வச்சவர் எந்த ஊரோ!) இலக்கு 27,000 ஆசிரியர்கள்.

இப்போ உங்களை அந்த ஆசிரியர் இடத்துல வச்சுப் பாருங்க. தமிழ் பேசாம ஒரு டென்ஸைப் புரிய வைக்கணும். "ஐ கெட் அப் அட் சிக்ஸ்" என்பதை வகுப்புல எப்படிச் செய்து காட்டுவீங்க? தினமும் எழுந்திருக்கிற வழக்கத்தை மேடையேத்த முடியாது. "ஐ ஆம் வாக்கிங்"? அதை எழுந்து நடந்தே காட்டிடலாம். கண்ணுக்குத் தெரியற டென்ஸ் அது ஒண்ணுதான். அதனால அது சீக்கிரமே வந்தது, அதிக நாள் இருந்தது. வினைச்சொல்லைப் பார்த்தாலே 'இங்' மாட்டற கை எங்களுக்கு அப்படி வந்ததுதான். நோ, ஹேவ், அன்டர்ஸ்டாண்ட் எல்லாம் 'இங்' கேட்காத ஜாதி என்கிற பட்டியல் கிராமர் புத்தகத்துல இருந்தது. ஆனா அதுக்குள்ள வாய் பழகிப் போச்சு.

பழி முழுக்க அந்த முறைக்கும் இல்லை. வடக்கேயும், மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே மாதிரி பேசறாங்க. நிசிம் எசக்கியேல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்று ஒரு கவிதையே எழுதி இந்த 'இங்'கைக் கிண்டலடிச்சார். நம்ம பங்குக்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'போய்க்கிட்டு இருக்கேன்'லயும் இருக்கு, 'ரெண்டு அண்ணன் இருக்காங்க'லயும் இருக்கு. இந்த 'இருக்கு'தான் நம்மைத் தள்ளிவிடுதோ?

1979-ல என்.எஸ். பிரபு, இந்தச் செய்து காட்டற முறை போதாதுன்னு பெங்களூரை மையமா வச்சு ஒரு பரிசோதனை தொடங்கினார். தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றுல 1984 வரை நடந்தது. ட்ரில் கிடையாது. ரயில் டைம்டேபிளைக் கொடுத்து, இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. அப்படிக் கேட்டா சிம்பிள் பிரசன்ட் தானா வந்து நிக்கும். 'பொதிகை லீவ்ஸ்'தானே தவிர, டைம்டேபிள்ல 'இஸ் லீவிங்' வராது. அந்தக் காத்து சங்கரன்கோவில் வரைக்கும் வீசலை.

நான் எப்படித் தேறினேன்னு கேட்டா, தமிழை வச்சுத்தான். வினையோட 'கிட்டு இருக்கு' சேர்த்துப் பார்ப்பேன். 'எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு' என்று யாரும் சொல்றதில்லை, அதனால 'நோயிங்' அவுட். 'ரெண்டு அண்ணன் இருந்துக்கிட்டு இருக்காங்க'? சொன்னா அடிப்பாங்க, 'ஹேவிங்' அவுட். 'கோயில் ஊர் நடுவுல நின்னுக்கிட்டு இருக்கு' என்றாலும் இடிக்குது, அதனால 'தி டெம்பிள் ஸ்டாண்ட்ஸ்'. அம்மன் தவத்துல நின்னுக்கிட்டு இருக்கலாம், 'இஸ் ஸ்டாண்டிங்' ஓகே. ஆனா இந்தச் சூத்திரம் முக்கால்வாசிதான் வேலை செய்யும். 'நம்பிக்கிட்டு இருக்கேன்' தமிழ்ல நல்லாவே இருக்கு, 'ஐ ஆம் பிலீவிங்' உதைக்கும். 'நாளைக்கு மதுரை போறேன்'ல 'கிட்டு' இல்லை, ஆனா இங்கிலீஷ்ல 'ஐ ஆம் கோயிங்' வேணும். நடுவுல 2003-ல மெக்டொனால்ட்ஸ்காரன் 'ஐ ஆம் லவ்விங் இட்' என்று விளம்பரம் போட்டுக் குழப்பிட்டான்.

சார் இப்போ இல்லை. இறக்கிறதுக்குச் சில வருஷம் முந்தி ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனப்ப, தெற்கு ரத வீதியில பார்த்தேன். சப்பரம் வர நேரம் இருந்தது. காமெடி ஐட்டத்தை மட்டும் மறைச்சுட்டு, ஏன் சார் அப்படி நடந்தீங்கன்னு கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல பயிற்சிக்குக் கூப்பிட்டதைச் சொன்னார். "அங்க சொல்லிக்கொடுத்தவரு நடந்தாரு. நாங்களும் அவரு பின்னாலயே நடந்தோம். அப்புறம் முப்பது வருஷம் நடந்தேன்."

நான் விடலை. "அப்ப 'நோ'வுக்கு 'இங்' கிடையாதுன்னு ஏன் சார் நடத்தலை?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "தெரியும்ங்கிறத எப்படில நடந்து காட்ட?"

அப்புறம் அண்ணன்மார் ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு விசாரிச்சார். தமிழ்லதான்.