ஹாலோவீன் முகமூடி, திருஷ்டி பொம்மை: லேசர்ல எதை வெட்டலாம்? எதை வெட்டவே கூடாது?

அக்டோபர் 31-ம் தேதி ஹாலோவீன். கல்லூரி விழாவுக்கோ ஆபீஸ் பார்ட்டிக்கோ மண்டை ஓடு, வௌவால், பேய் முகம் வேணும்னா லேசர் கட்டிங் சுலபமான வழி. நம்ம ஊர் திருஷ்டி பொம்மை முகத்தையும் இதிலேயே செய்யலாம். ஆனால், தவறான ஷீட்டை வெட்டினால் நச்சு வாயு கிளம்பும்.

எந்த மெஷின் வேணும்?

மறைமலை நகர் போன்ற தொழிற்பகுதிகளில் லேசர் கட்டிங் கேட்கப் போனால், முதலில் மெஷின் வகையைக் கேளுங்கள். இரும்புத் தகடு வெட்டும் ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1 மைக்ரான். அந்த ஒளி, நிறமில்லாத அக்ரிலிக்கை வெட்டாமல் ஊடுருவிப் போய்விடும். மரம், அக்ரிலிக், அட்டைக்கு 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் சரி. இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல்.

எதை வெட்டலாம்?

* 3 மி.மீ. எம்.டி.எஃப்., பிளைவுட், அட்டை: துண்டுகளில் காடி வைத்து வெட்டினால், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிற்க வைக்கலாம். லேசர் போகும் கோட்டிலேயே 0.1 முதல் 0.3 மி.மீ. வரை எரிந்துவிடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் காடி லூஸாகிவிடும்.
* காஸ்ட் அக்ரிலிக்: பேய் முகத்தைச் செதுக்கி, ஓரத்தில் எல்.இ.டி. பட்டை வைத்தால் கோடுகள் மட்டும் இருட்டில் ஒளிரும்.

எதை வெட்டவே கூடாது?

* பி.வி.சி.: வினைல் ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ், பல வகை ரெக்ஸின், சன்போர்டு எனக் கடைகளில் விற்கும் பல பலகைகளில் இது இருக்கும். இதில் உள்ள குளோரின், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண், தொண்டை, நுரையீரலைப் பாதிக்கும். மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.
* தெர்மாகோல்: உருகி, சட்டென தீப்பிடிக்கும்.

என்ன கவனிக்கணும்?

* ஷீட் என்ன பொருள் என்று கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். தெரியாத பிளாஸ்டிக்கை மெஷினில் வைக்காதீர்கள்.
* புகை போக்கி ஓடினால்தான் மெஷினை ஆன் செய்ய வேண்டும்.
* வெட்டி முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும். அக்ரிலிக், மரம் இரண்டுமே தீப்பிடிக்கக் கூடியவை. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
* மூடி திறந்த நிலையில் இயக்கக் கூடாது. சாதாரண கூலிங் கிளாஸ் லேசரிலிருந்து கண்ணைக் காப்பாற்றாது.