உப்பளமும் சுண்ணாம்புக் காளவாயும்

உப்பும் கிளிஞ்சலும் கடல் தந்தவை. ஒன்றை வெயிலில் விளைவிக்கிறோம். மற்றொன்றை நெருப்பில் சுடுகிறோம். இரண்டிலும் கடைசியில் கைக்கு வருவது வெள்ளைப் பொருள்தான். ஆனால் ஒன்றில் நடப்பது இயற்பியல் மாற்றம், மற்றொன்றில் வேதி மாற்றம். உருவம் மாறுதல், வெப்பநிலை மாறுதல், வீழ்படிவு தோன்றுதல், பழைய நிலைக்குத் திரும்பாமை என்று வேதி மாற்றத்துக்குச் சில அடையாளங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

முதலில் தோற்றம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் உப்புநீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் அடர்கிறது. முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவியில் ஏறத்தாழ 25 டிகிரி வந்ததும் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. 30 டிகிரியை எட்டுவதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பேற்றிவிடும். தெளிந்த நீர் இருந்த இடத்தில் வெள்ளைப் படிகம் குவிகிறது. கண்ணுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேண்டுமா? ஆனாலும் புதுப்பொருள் எதுவும் உண்டாகவில்லை. சோடியமும் குளோரைடும் கடலில் அயனிகளாகக் கரைந்திருந்தவையே. நீர் விலகியதும் ஒன்றுகூடின. மறுபடி நீரில் இட்டால் பிரிந்துவிடும்.

காளவாயில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்த கிளிஞ்சல், வெளியே எடுக்கும்போதும் கிளிஞ்சல் வடிவிலேயே இருக்கும். சற்று வெளுத்திருக்கும், தொட்டால் உதிரும், அவ்வளவுதான். ஆனால் அது இப்போது கால்சியம் கார்பனேட் அல்ல, கால்சியம் ஆக்சைடு. சுடாத கிளிஞ்சலில் நீர் ஊற்றினால் நனையும். சுட்டதில் ஊற்றினால் சீறும், கொதிக்கும், பொரிந்து மாவாகும். இதைத்தான் சுண்ணாம்பை நீற்றுவது என்கிறோம்.

அடுத்தது எடை. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை முழுவதும் சுட்டால் எஞ்சுவது 56 கிராம். மீதி 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. சுண்ணாம்புக்கல்லை விட்டு வெளியேறுவது ஒரு தனி வாயு என்பதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் தராசின் துணையோடு நிறுவி, 1756-இல் வெளியிட்டார். அந்த 56 கிராமோடு 18 கிராம் நீர் சேர்ந்தால் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும்.

நீரின் கதையிலேயே இரண்டின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. உப்பளத்தில் நீர் நீராகவே இருந்தது, ஆவியாகப் போனது. சுண்ணாம்பில் சேர்ந்த நீரோ நீராக இல்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சேர்மத்தின் பகுதியாகிவிட்டது. எத்தனை நாள் காயவைத்தாலும் வெயிலின் சூட்டுக்கு மட்டும் அந்த 18 கிராம் பிரிந்து வராது.

மூன்றாவது, மீளும் தன்மை. வேதி மாற்றம் மீளாது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உள்வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் பெற்றுக்கொள்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வரும் ஆரத்திச் சிவப்பும் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளுக்கே திரும்பிவிடும். ஆக, மீளுமா மீளாதா என்பது சரியான உரைகல் அல்ல. எப்படி மீள்கிறது என்பதே கேள்வி. உப்புநீரை மீட்க, போன நீரைத் திரும்ப ஊற்றினால் போதும். சுண்ணாம்பு கல்லாகத் திரும்ப இன்னொரு வேதி வினை வேண்டும்.

வெப்பத்தையும் தனியாக நம்ப முடியாது. நீற்றும்போது சூடு எழுவது வேதி மாற்றத்தால். உப்புநீர் ஆவியாகும்போது குளிர்வது இயற்பியல் மாற்றத்தால். வீழ்படிவும் அப்படியே. ஜிப்சம் உப்பளத்தில் படியக் காரணம் நீர் குறைந்ததுதான்.

எனவே அடையாளங்கள் துப்பு மட்டுமே, சான்று அல்ல. முன்பு என்ன பொருள், இப்போது என்ன பொருள், அதன் குணம் மாறியதா, எடையில் எது வந்தது எது போனது என்ற கேள்விகளே தீர்ப்புச் சொல்லும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுட்ட சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். அதை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். ஒரு குவளையில் உப்புநீரும் இன்னொன்றில் தெளிந்த சுண்ணாம்புநீரும் வைத்து, மாணவர் பார்க்க நீங்களே குழாய் வழியே இரண்டிலும் ஊதிக் காட்டுங்கள். உப்புநீர் தெளிவாகவே இருக்கும். சுண்ணாம்புநீர் பால்போல் கலங்கும். அந்தக் கலங்கலில் மிதப்பது, உங்கள் மூச்சும் சுண்ணாம்பும் சேர்ந்து அப்போதுதான் உண்டான கால்சியம் கார்பனேட்.