கொல்லிமலைத் தச்சுப் பட்டறையும் வேலூர் நவஜீவ நிலையமும்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டை யாத்திரிகர் நன்கறிவர். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அங்கேயே உள்ளன. ஆடிப் பதினெட்டன்று அப்பகுதியில் நிற்க இடமிராது. மற்ற நாட்களில் அதே வழியில் பேருந்து ஏறுவோர் வேறு வகையினர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இவர்கள் கீழ்நோக்கிச் செல்கின்றனர். மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் சிறு நிலத்தில் ஆண்டு முழுவதுக்கும் வேலை கிடைப்பதில்லை. ஆதலால் முப்பதும் நாற்பதும் வயதான ஆண்களும் பெண்களும் வெளியூர்க் கூலிக்குப் புறப்படுகின்றனர். இத்தகையோருக்குத் தொழில் கற்பித்து வேலை தேடித் தருவது யார் கடமை என்ற வினா, இறையியல் மாணவரோடு அம்மலைக்குச் செல்லும்போதெல்லாம் என் மனத்தில் எழுவதுண்டு. இவ்வினாவுக்கு அம்மலையிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நம் திருச்சபை வரலாற்று நூல்கள் அதனை மருத்துவ ஊழியத்தின் அடிக்குறிப்பாகவே விட்டுவிட்டன.

ஜெசி மான் பிராண்டு இங்கிலாந்தில் கட்டடத் தொழில் அறிந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மட்டும் மருத்துவம் பயின்று, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் 1907இல் இந்தியா வந்தார். 1913இல் எவலின் ஹாரிஸ் அம்மையாரை மணந்து, இருவருமாகக் கொல்லிமலையில் வாழவந்தியில் குடியேறினர். அக்காலத்தில் மலைக்குச் சாலை இல்லை. நடந்தோ டோலியிலோ ஏறவேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் மேலே தங்கத் துணியார். ஐயரின் பணி பிரசங்கத்தோடும் மருந்தோடும் நின்றுவிடவில்லை. தச்சு, கட்டட வேலை, தோட்டப் பயிர், பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றை மலையாளிப் பழங்குடியினருக்குக் கற்பித்தார். பள்ளிகளையும் நிறுவினார். அவரிடம் தொழில் கற்றவர்களில் ஏற்கெனவே உழவராயிருந்த வளர்ந்தோரும் உண்டு என்பதை இங்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

அப்பயிற்சி ஓரளவு பயன் தந்ததற்குக் காரணம் என்ன? ஐயரின் கைத்திறன் என்று பொதுவாகச் சொல்வர். எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. பயிற்றுவித்தவரே முதல் வேலையையும் கொடுத்தார் என்பதே முக்கியம். பள்ளிக்குக் கூரை வேண்டும், வீட்டுக்குக் கதவு வேண்டும். உளி பிடிக்கக் கற்றவனுக்கு அன்றே உளிக்கு வேலை இருந்தது. அந்த ஏற்பாட்டின் குறையும் இதுவே. 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐயர் கருநீர்க் காய்ச்சலால் தம் நாற்பத்து நான்காம் வயதில் மரித்தார். ஒரு மனிதர் ஆசிரியராகவும் முதலாளியாகவும் சந்தையாகவும் இருந்த இடம் அன்று வெறுமையாயிற்று. எவலின் அம்மையார் மிஷன் பணியில் ஓய்வு பெற்றபின்னும் மலைகளுக்கே திரும்பி வந்து, 1974இல் மரிக்கும் வரை உழைத்தார். ஆயினும் தொழிற்பயிற்சி என்பது ஒருவருடைய ஆயுளோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது என்பதே அரசுகள் இத்துறையில் இறங்கியதன் நியாயம்.

ஜெசி பிராண்டு கப்பலேறி மூன்றாண்டுகளுக்குள், 1910 பிப்ரவரியில், பிரிட்டனில் அரசாங்க வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. வேலை தேடுவோன் ஆலை ஆலையாக அலையாமல் ஓரிடத்தில் பெயரைப் பதியலாம் என்பதே அதன் கருத்து. இந்தியாவில் இது போரின் வழியாக வந்தது. 1945இல், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களைக் குடிவாழ்வில் அமர்த்துவதற்காக இந்நிலையங்கள் தொடங்கப்பட்டன. பின்னரே அவை பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாளில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகள் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்றது. ஆனால் அந்நிலையத்தின் வழியாகவே ஆள் எடுக்கவேண்டும் என்று கட்டளையிடவில்லை. மேலும், தனியார் துறை விவசாய வேலையையும் வீட்டு வேலையையும் மூன்று மாதத்திற்குக் குறைந்த வேலையையும் அச்சட்டம் தன் எல்லைக்குப் புறம்பாக்கிற்று. வளப்பூர் நாட்டிலிருந்து இறங்கும் கூலியாளின் வேலைகள் ஏறத்தாழ அனைத்தும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றன! அவனுக்காக எந்தக் காலியிடமும் அறிவிக்கப்பட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.

இனி வேலூருக்கு வருவோம். ஜெசி ஐயரின் மகன் பால் பிராண்டு கொல்லிமலையில் வளர்ந்து, ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கல்விக்காக அனுப்பப்பட்டவர். தந்தையைப் போலவே மிஷனெரியாகவேண்டும் என்று எண்ணி, முதலில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். மருத்துவம் பின்னரே வந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் சிகிச்சையால் நிமிர்த்தியது அவர் புகழுக்குக் காரணம். அப்புகழின் நடுவே அவர் சந்தித்த ஏமாற்றம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது.

விரல் நிமிர்ந்து மகிழ்ச்சியோடு ஊருக்குப் போன சிலர் துயரத்தோடு திரும்பினர். இந்தக் கைகள் பிச்சைக்கு உதவவில்லை என்பதே அவர்கள் முறையீடு. கூனிய விரலைக் கண்டு காசிட்டவர்கள் நிமிர்ந்த விரலைக் கண்டு இடவில்லை. நோயின் தழும்பை அறிந்தவர்களோ வேலையும் தரவில்லை, வீடும் வாடகைக்குத் தரவில்லை. சிகிச்சையே அவர்களுடைய ஒரே பிழைப்பைப் பறித்துவிட்டது. மருத்துவர் இதைக் கேட்டு, இது தம் துறையன்று என்று சொல்லியிருக்கலாம். நாமாயிருந்தால் சொல்லியிருப்போம் என்றே அஞ்சுகிறேன்.

1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழுந்தது. கிராமத்தார் பழகிய முறையில் எளிய குடிசைகளாகவே அதனை அமைத்தனர். ஊருக்குத் திரும்ப வேண்டியவன் ஊர் வாழ்வை மறக்கலாகாது என்பதே நோக்கம். அங்கே தச்சு கற்பிக்கப்பட்டது. மரப் பொம்மைகள் செய்யப்பட்டன. லண்டனில் கற்ற தச்சு, பல ஆண்டுகளுக்குப்பின், அறுவை மருத்துவரின் கையில் பயன்பட்டது. மகன் பட்டறையில் நின்றபோது வாழவந்தியில் தந்தை நின்ற கோலம் அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று எண்ண எனக்கு விருப்பம். அது வரலாறு அன்று, என் விருப்பமே.

அந்நிலையத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி மருத்துவ உலகெங்கும் அறியப்பட்டது. துருப்பிடித்த பூட்டொன்றை மருத்துவரால் திறக்க முடியவில்லை. தொழுநோயுற்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் இரத்தத்தைக் கண்ட மருத்துவர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் எலும்பு வரை அறுபட்டிருந்தது. அவனுக்கோ வலியே இல்லை. விரல்கள் தேய்வது நோயினால் தானாக அன்று, உணர்வற்ற கை அன்றாட வேலையிற் படும் காயங்களாலேயே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அதன்பின் அப்பட்டறையில் நாள்தோறும் கைகளைச் சோதித்தனர். கொப்புளம் ஒன்று தோன்றினால், எந்தச் சுத்தியலின் பிடி அதற்குக் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்துப் பிடியைத் திருத்தினர். கருவிக்கு ஏற்ற கையைத் தேடாமல், கைக்கு ஏற்பக் கருவியை மாற்றினார்கள். வளர்ந்தோர்க்கான தொழிற்பயிற்சியைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இன்றைய நிலை வேறு. 1950இல் நடுவணரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கிளையாக, அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் கொல்லிமலைக்கே வந்துவிட்டது. 2015இல் தேசியத் தொழில்நெறிச் சேவையின் இணையதளம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், அனுபவத்தால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் நடுவணரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பள்ளிச் சான்று இல்லாத கொத்தனாருக்கு இது பெரிய நன்மை. ஏனெனில் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியிருக்கவேண்டும். நான்காம் வகுப்போடு நின்று நாற்பது வயதை எட்டியவருக்கு அந்தக் கதவு இல்லை.

இத்தகைய பயிற்சிகள் உண்மையில் பயன் தருகின்றனவா? டேவிட் கார்டு, ஜோகன் குளூவ், ஆந்திரியா வெபர் ஆகிய மூவரும் பல நாடுகளின் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட கட்டுரை நிதானமான விடை தருகிறது. பயிற்சி முடிந்த உடனே பலன் சராசரியாக ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே அது தெளிவாகத் தோன்றுகிறது. பெண்களுக்கும் நெடுங்காலம் வேலையற்றிருந்தோருக்கும் அது கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் குடும்பம் எதை உண்ணும் என்பது புள்ளிவிவரத்தில் வராது. போதகரின் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

என் சபையிலேயே அது வந்தது. நாற்பத்தைந்து வயதான நெசவாளர் ஒருவர், தறி நின்றபின் மூன்று மாத மின்பணிப் பயிற்சி பெற்றார். பட்டணத்து நிறுவனம் ஒன்றுக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டார். வழக்கமான நான்கு வரிகளை எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்திற்குப்பின் அதே கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "சான்றிதழ் இருக்குதுங்க ஐயா, உங்க கடிதாசியும் இருக்குது. கூப்பிடறவங்கதான் இல்லீங்க" என்றார். நான் அந்நிறுவனத்தாரைச் சென்று பார்த்திருக்கவேண்டும். கடிதம் எழுதியதோடு என் ஊழியம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன்.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்ததைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, நாம் பவுலின் உழைப்பைப் போற்றுகிறோம். ஊருக்குப் புதியவனான அவனுக்கு வீட்டில் இடமும் பட்டறையில் வேலையும் கொடுத்த தம்பதிகளைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவர்களே ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள்.

வேலூர்ப் பட்டறையின் வரலாற்றைக் கற்பித்த நாளில் மாணவன் ஒருவன், "ஐயா, அந்தப் பொம்மைகளை யார் வாங்கினார்கள்?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். நான் அன்று எடுத்துவந்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அவன் கேள்வியைப் பற்றியே பேசினோம்.