பபுன்யா பள்ளிச் சுவரோவியம்

பபுன்யா பள்ளிச் சுவரோவியம் என்பது, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழங்குடிக் குடியிருப்பான பபுன்யாவின் பள்ளிச் சுவரில் 1971-இல் தீட்டப்பட்ட தேன் எறும்பு ஓவியமாகும்.

பின்னணி

பழங்குடியினரை வெள்ளையரின் வாழ்க்கைமுறைக்கு மாற்றும் அரசுக் கொள்கையின்கீழ் இக்குடியிருப்பு அமைந்தது. 1971-இல் வந்த ஓவிய ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன், பிள்ளைகள் வெளியே மணலில் வட்டங்களும் கோடுகளும் வரைந்து கதை சொல்வதையும், வகுப்பில் அவ்வாறு வரையாததையும் கவனித்தார். அவற்றையே வகுப்பிலும் வரையத் தூண்டினார்.

சுவரோவியம்

மரபுப்படி, மூதாதையர் கதைகளை வரையும் உரிமை அவற்றுக்குரிய மூத்தோருக்கே உண்டு. எனவே காப்பா ஜம்பிஜின்பா உள்ளிட்ட பெரியவர்களே சுவரில் வரைந்தனர். தேன் எறும்பு நிலத்தடியில் தன் வயிற்றில் தேனைச் சேமிப்பது. பபுன்யா அதன் மூதாதைக் கதைக்குரிய இடம். ஆகவே இப்படம் பிள்ளைகளுக்கு உணவு, நிலம், வரலாறு மூன்றையும் சேர்த்துக் கற்பித்தது.

பின்விளைவுகள்

1972-இல் ஓவியர்கள் 'பபுன்யா துலா' என்னும் தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். சுவரோவியமோ பின்னர் வண்ணம் பூசி அழிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுச் சூழல்

வடக்கனந்தலுக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கதை, பாடல், செயல்பாடு வழியாகக் கற்பிக்கிறது. அதில் சாமையும் தினையும் விளைவித்த மலைப் பெரியோரும் ஆசிரியராக அமர்ந்தால்தான் பபுன்யாவின் பாடம் முழுமையாகும்.