மலைப்பாதையில் நிற்கும் கற்கள்

ஒரு பாதையில் மனிதர்கள் நடப்பது நின்றுவிட்டால், சில ஆண்டுகளில் புல் அதை மூடிவிடும். அமெரிக்காவின் ஓரிகன் பாதைக்கும் அந்த நிலை வர இருந்தது. அதைக் காக்க முன்வந்தவர் 75 வயது முதியவர்.

மிசௌரி ஆற்றங்கரையில் தொடங்கி, ராக்கி மலைத்தொடரைக் கடந்து ஓரிகன் வரை செல்லும் இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். 1840-களிலும் 50-களிலும் விளைநிலம் தேடி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் இவ்வழியே சென்றன. சவுத் பாஸ் என்னும் கணவாய் சரிவு குறைந்தது என்பதால் வண்டிகளும் மலையைக் கடக்க முடிந்தது. 1869-இல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைந்த பிறகு, வண்டித்தடத்தை நாடுவோர் குறைந்தனர். தடம் பல இடங்களில் வயலாக மாறியது.

எஸ்ரா மீக்கர் 1852-இல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் இவ்வழியே சென்றவர். ஈராண்டுகள் கழித்து அவருடைய பெற்றோர் குடும்பத்துடன் புறப்பட்டு வந்தபோது, தாயாரும் தம்பியும் வழியிலேயே இறந்தனர். அவர்களைப் போல் வழியில் மாண்டவர்கள் ஏராளம்.

1906-இல் மீக்கர் மீண்டும் எருதுகள் பூட்டிய வண்டியில் ஏறினார். இம்முறை கிழக்கு நோக்கிப் பயணம். ஊர் ஊராகப் பேசி, மக்களிடம் பணம் திரட்டி, நினைவுக்கற்களை நாட்டச் செய்தார். பாய்சி நகரில் பள்ளிப் பிள்ளைகளும் காசு கொடுத்தனர். வழியில் ஓர் எருது இறந்தது, அவர் திரும்பவில்லை. 1907-இல் தலைநகர் வாஷிங்டனை அடைந்து, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். 1928-இல் அவர் மறைந்தார். 1978-இல் அப்பாதை தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது.

சவுத் பாஸில் அவர் நாட்டிய கல் 1843 என்ற ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. அங்கே 1916-இல் வைக்கப்பட்ட மற்றொரு கல், 1836-இல் கணவாயைக் கடந்த இரு பெண்களை, முதல் வெள்ளையினப் பெண்கள் என்று குறிக்கிறது. அப்படியானால், அவர்களுக்கு முன் அங்கே நடந்த மற்றப் பெண்கள் யார்? அந்த மண்ணின் பழங்குடியினர்தாம். 1812-இல் ராபர்ட் ஸ்டூவர்ட்டின் குழுவினருக்குத் தெற்கே ஒரு குறுக்குவழி உண்டு என்று சொன்னவரும் ஒரு பழங்குடியினரே. இவ்விரு கற்களிலும் அவருக்கு இடமில்லை.

மீக்கர் கல் நாட்டாமல் இருந்திருந்தால் பலருடைய நினைவு மண்ணோடு போயிருக்கும். அந்த நன்றியை மறக்கலாகாது. ஆயினும், ஒரு கல்லைப் படிக்கும்போது அதில் பெயர் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்ப்பதே வரலாற்றை முழுமையாகப் படிப்பதாகும்.