குழிமாற்று

குழிமாற்று (பெயர்ச்சொல்): நிலத்தின் நீள அகலங்களைப் பெருக்கிப் பரப்பு காணும் பழைய வாய்பாடு.

இங்கே குழி பள்ளமன்று. நிலம் அளக்கும் கோலால் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம். மாறுதல் என்பது பழந்தமிழ்க் கணக்கில் பெருக்குதல். இரண்டும் சேர்ந்து குழிமாற்று ஆயின. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய வாய்பாடுகளை மனப்பாடம் செய்தனர்.

செஞ்சி அடங்கிய பழைய தென்னார்க்காட்டில் 24 அடிக் கோலால் அளந்த சதுரம், அதாவது 576 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். பரப்பு தெரிந்தால் விளைச்சலை மதிப்பிடலாம். விளைச்சல் தெரிந்தால் தீர்வையை வகுக்கலாம். செஞ்சிக் கோட்டையில் இன்றும் நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்ப்பவர்கள், அதற்குப் பின்னாலிருந்த இந்தக் கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளாதாரத்தை ஆராயும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சொல் இது.