கல்வராயன் மலையும் கள்ளக்குறிச்சி நீதிமன்றங்களும்: மது, அடிதடி வழக்குகளில் வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மது அருந்தி வாகனம் ஓட்டுதல், அடிதடி ஆகிய குற்றச்சாட்டுகளில் சிக்குவோர் தம் பக்கம் வாதிட வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை, தமிழகத்தில் மதுவிலக்குச் சட்டத்தின் வரலாற்றோடு பிணைந்து வளர்ந்தது. கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மலைக்குச் சட்டம் முதலில் குற்றச்சாட்டாகச் சென்றது. அதனை எதிர்கொள்ளும் உதவி பின்னரே சென்றது. இவ்விடைவெளி ஏட்டளவில் மூடப்பட்டுவிட்ட போதிலும், கைதுக்குப் பிந்தைய முதல் சில மணி நேரங்களில் இன்றும் திறந்தே இருக்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, மதுவிலக்கு, ஜாகீர், இலவசச் சட்ட உதவி, மோட்டார் வாகனச் சட்டம், பிணை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கெல்லையாக எழும் கல்வராயன் மலையில் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும் மறுபகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டத்திலும் அமைந்திருந்தது. இந்த நிர்வாகப் பிரிவினை குற்றவியல் வரலாற்றிலும் விளைவுகளை ஏற்படுத்தியது.

மதுவிலக்கும் மலையின் நடுவே ஓடிய எல்லையும்

சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய இராஜாஜி, சென்னை மாகாண முதன்மை அமைச்சரானதும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. தென்னார்க்காடு அப்போது அதன் வரம்பிற்குள் வரவில்லை. எனவே, ஒரே மலையின் ஒரு சரிவில் குடிப்பது குற்றமாகவும் மறுசரிவில் குற்றமற்றதாகவும் இருந்தது. 1948-க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு விரிந்த பின்னரே இந்நிலை மறைந்தது.

மதுவிலக்குச் சட்டம் காய்ச்சுவோரையும் விற்போரையும் மட்டுமன்றிக் குடிப்போரையும் குற்றவாளியாக்கியது. கைப்பற்றப்பட்ட சாராயம் தம்மிடம் இருந்ததற்குத் தக்க விளக்கம் தர இயலாதவர் குற்றம் செய்தவராகவே கருதப்படலாம் என்னும் அனுமானமும் அதில் இடம்பெற்றது. மெய்ப்பிக்கும் சுமை இவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் சாயும்போது வழக்கறிஞரின் தேவை கூடுகிறது.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவர் பிளீடர் ஒருவரைக் கொண்டு வாதிடலாம் என்றது. ஆயினும், அது கட்டணம் செலுத்த இயன்றவரின் உரிமையாகவே இருந்தது. இயலாத ஏழைக்கு அரசு வழக்கறிஞரைத் தேடித் தரும் கடமை சிறு வழக்குகளில் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டுவதே அத்தகையோருக்கு எளிய வழியாயிற்று.

ஜாகீர் ஆட்சியும் 1976-உம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதி சடைய கவுண்டன், ஆரிய கவுண்டன், குரும்ப கவுண்டன் என்னும் ஜாகீர்தார் வழியினரின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 22(1)-ஆம் உறுப்பு, கைது செய்யப்படும் எவரும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கவும் அவரைக் கொண்டு வாதிடவும் உரிமை அளித்தது. அதன் பின்னரும் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஜாகீர் முறை நீடித்தது. 1976-இல்தான் தமிழக அரசு அப்பகுதியைத் தன் நேரடி நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

அதே 1976-இல் நிறைவேறிய 42-ஆம் அரசமைப்புத் திருத்தம், இலவசச் சட்ட உதவியை அரசின் கடமைகளுள் ஒன்றாக்கும் 39அ உறுப்பைச் சேர்த்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயல். எனினும், மலைமக்கள் அரசின் நேரடிக் குடிகளான காலமும், ஏழைக்கு வழக்கறிஞரைத் தருவது அரசின் பொறுப்பு என்னும் கொள்கை எழுத்தில் ஏறிய காலமும் ஒன்றே என்பது நோக்கத்தக்கது.

கேளாமலே கிடைக்க வேண்டிய உதவி

கொள்கை உரிமையாக மாறியது நீதிமன்றத் தீர்ப்புகளால். 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் இலவசச் சட்ட உதவி நியாயமான விசாரணையின் இன்றியமையாக் கூறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1981-இல் கத்ரி வழக்கில், முதன்முறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே அவ்வுரிமை தொடங்குகிறது என்றது.

மலைப்பகுதிக்கு நெருக்கமான தீர்ப்பு 1986-இல் வந்த சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் அரசுப் பொறியாளர் ஒருவரை மிரட்டியதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் வழக்கறிஞர் இன்றியே விசாரிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் உதவியைக் கேட்கவில்லை என்பது அரசுத்தரப்பின் விடை. தமக்கு உரிமை உண்டென்றே அறியாதவர் அதனைக் கேட்பது எங்ஙனம் என்னும் அடிப்படையில் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. உரிமையை எடுத்துரைக்கும் கடமை நடுவரைச் சேர்ந்தது என்பதும் இதனால் உறுதியாயிற்று.

1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் காவலில் உள்ளோரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். ஆகவே, பட்டியல் பழங்குடியினராகிய கல்வராயன் மலையாளி எவரும் வருமானச் சான்று காட்டாமலே இவ்வுதவிக்கு உரியவர்.

வழக்கறிஞர்கள் கூடி ஒருவருக்கு வாதிட மறுப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கத் தீர்மானம் ஒன்றையொட்டி எழுந்த முகமது ரஃபி வழக்கில், குறிப்பிட்ட ஒருவருக்காக யாரும் வாதிடக்கூடாது என்னும் சங்கத் தீர்மானங்கள் செல்லாதவை என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரே வெறுக்கும் குற்றச்சாட்டுக்கு உள்ளானவருக்கும் உள்ளூர் வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

குடிப்பதிலிருந்து குடித்தபின் நிகழ்வதற்கு

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டு, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது; 2003 முதல் அது சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. உரிமம் பெற்ற மதுவைக் குடிப்பது குற்றமல்லாத நிலையில், வழக்குகளின் மையம் கள்ளச்சாராயத்திற்கும், குடித்தபின் நிகழும் செயல்களுக்கும் நகர்ந்தது.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருப்பதைக் குற்றமாக்கியது. நடை, பேச்சு, வாய்நாற்றம் ஆகியவற்றைக் கண்டோரின் சாட்சியமே அங்கு முதன்மை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 1994 திருத்தத்திற்குப் பின், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஆல்ககால் என்னும் அளவை நிறுவியது. 2019 திருத்தத்தால் முதற்குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். இக்குற்றத்தை அலுவலரிடமே தண்டம் செலுத்தி முடித்துக்கொள்ள இயலாது. நீதிமன்றம் சென்றாக வேண்டும். ஓட்டுநர் உரிமமும் இடைநிறுத்தப்படலாம். வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்குத் தண்டத்தொகையைவிட இதுவே பேரிழப்பு.

எனவே, மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியின் பதிவு, இரத்த மாதிரி எடுக்கப்பட்ட நேரம், வாகனத்தை ஓட்டியவர் அவர்தாமா என்பன வழக்கறிஞர் முதலில் ஆராய வேண்டியவை. ஒப்புக்கொண்டபின் இவற்றை எழுப்புவது அரிது.

அடிதடிக் குற்றச்சாட்டு சேரும்போது சிக்கல் கூடுகிறது. தானாக விரும்பிக் குடித்தவரின் போதை அவரை விடுவிக்காது என்பது 1956-இல் பாஸ்தேவ் வழக்கிலேயே வலியுறுத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சாதாரணக் காயம் விளைவித்தல் 115(2)-ஆம் பிரிவில் அடங்கும். அதனைப் பாதிக்கப்பட்டவரோடு சமரசம் செய்துகொள்ளலாம். பணியிலிருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியதாக 132-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டால் வழக்கு பிணையில் விடத்தகாததாகிவிடும். வாகனச் சோதனையில் எழும் வாக்குவாதம் ஒன்று தண்டத்தோடு முடியுமா, சிறையில் முடியுமா என்பதை முதல் தகவல் அறிக்கையின் பிரிவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

விலக்கப்பட்ட வழக்கறிஞர்

வழக்கறிஞர் உரிமைக்கு ஒரு பெரும் விதிவிலக்கு உண்டு. குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாட்டுச் சட்டம், கள்ளச்சாராயத் தொழிலில் ஈடுபடுவோரைத் தடுப்புக்காவலில் வைக்க இடமளிக்கிறது. அரசமைப்பின் 22(3)-ஆம் உறுப்பு தடுப்புக்காவலில் உள்ளோருக்கு 22(1)-இன் பாதுகாப்பை மறுப்பதால், அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரைக் கொண்டு வாதிடும் உரிமை அவர்களுக்கு இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனையடுத்து மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேரும் குற்றங்களுக்குத் தண்டனை ஆயுள்சிறை வரை உயர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. வழக்கின் புலன்விசாரணையை அந்நீதிமன்றம் நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இறந்தோர் குடும்பங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. தண்டனை கடுமையாகுந்தோறும் தவறான ஒருவர் தண்டிக்கப்படுவதைத் தடுக்கும் எதிர்வாதமும் வலுப்பெற வேண்டும். பிழையான தண்டனை இறந்தோருக்கும் நீதியாகாது.

முடிவுரை

1898-இல் பணமுடையோரின் உரிமையாக இருந்தது 1950-இல் அடிப்படை உரிமையாகவும், 1986-இல் கேளாமலே தரப்பட வேண்டியதாகவும், 1995-க்குப் பின் பழங்குடியினருக்கு வருமான வரம்பற்றதாகவும் வளர்ந்தது. 2022 முதல் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் முறையையும் தொடங்கியுள்ளது. ஆனால், வெள்ளிமலையிலோ அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ கைதாகும் ஒருவருக்கு இவ்வளர்ச்சி முழுவதும் பயன்படுவது, சமவெளியில் நடுவர் முன் நிறுத்தப்படும் அந்த முதல் நாளில் வழக்கறிஞர் ஒருவர் அருகில் நின்றால்தான். அன்று ஒப்புக்கொண்ட குற்றமும் கேளாமல் விட்ட பிணையும் பின்னர் வரும் எத்துணைச் சிறந்த வாதத்தாலும் எளிதில் மீட்கப்படுவதில்லை. கள்ளக்குறிச்சியின் வரலாறு உணர்த்துவது இதுவே: வழக்கறிஞரின் அண்மையே இவ்வுரிமையின் உண்மையான அளவுகோல்.